கண்ட்ரோல் ரூமில் எத்தனை பேர் இருந்தால் போதும்? – ஆட்குறைப்பும் பேனல் வடிவமைப்பும் சந்திக்கும் இடம்

12 அணு உலைகள், ஒரே கட்டுப்பாட்டு அறை, அதில் உரிமம் பெற்ற ஆபரேட்டர்கள் மூன்றே பேர். அமெரிக்காவின் நியூஸ்கேல் நிறுவனம் தன்னுடைய சிறிய உலைகளுக்காக முன்வைத்த திட்டம் இது. அந்நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் (என்.ஆர்.சி.) 2021இல் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. இதே ஆணையத்தின் பழைய விதிப்படி, வழக்கமான ஒற்றை உலை இயங்கும்போது ஒரு ஷிஃப்டில் குறைந்தது 2 மூத்த ஆபரேட்டர்கள், 2 ஆபரேட்டர்கள் என 4 பேர் வேண்டும். அதாவது, ஒரு உலைக்கு நான்கு பேர் என்ற இடத்திலிருந்து, பன்னிரண்டு உலைகளுக்கு மூன்று பேர் என்ற இடத்துக்குக் கணக்கு வந்து நிற்கிறது.

இந்தியாவுக்கும் இந்தக் கேள்வி தூரத்தில் இல்லை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் சிறிய அணு உலைகளின் ஆராய்ச்சிக்காக 20,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. உள்நாட்டிலேயே உருவாக்கிய 5 சிறிய உலைகளாவது 2033க்குள் இயங்க வேண்டும் என்பது இலக்கு. சிறிய உலை சிறிய அளவில்தான் மின்சாரம் தரும். பெரிய உலைக்கு வைக்கும் அதே எண்ணிக்கையில் ஆட்களை வைத்தால் யூனிட் விலை கட்டுப்படியாகாது. எனவே ‘ஆளைக் குறைக்கலாமா?’ என்ற கேள்வி எழுந்தே தீரும்.

பதில் ‘குறைக்கலாம்’ அல்லது ‘கூடாது’ என்று ஒற்றை வார்த்தையில் வராது. எத்தனை பேர் வேண்டும் என்பதை, அவர்கள் முன்னால் இருக்கும் பேனலும் திரையும்தான் பாதி முடிவு செய்கின்றன. கடந்த 45 ஆண்டுகளுக்கும் மேலான காலத்தின் பெரிய விபத்துகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

ஒரு சிவப்பு விளக்கு சொன்ன பொய்

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் 2ஆவது உலையில் அழுத்தம் கூடியது. அதைக் குறைக்க ஒரு ரிலீஃப் வால்வு தானாகத் திறந்தது. அதுவரை எல்லாம் சரி. அழுத்தம் குறைந்ததும் அது மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் தண்ணீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டே இருந்தது.

பேனலில் அந்த வால்வுக்கான விளக்கு மட்டும் அணைந்துவிட்டது. ‘விளக்கு அணைந்தால் வால்வு மூடியாச்சு’ என்றுதான் ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு, வால்வு மூடியதா என்பதைக் காட்டவே இல்லை. ‘மூடு’ என்ற மின் கட்டளை போய்விட்டதா என்பதை மட்டுமே காட்டியது. அனுப்பிய கட்டளைக்கும் நடந்த வேலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேனல் சொல்லவில்லை.

கசிவு உண்டு என்பதை வேறு ஒரு இடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். வெளியேறும் தண்ணீர் போய்ச் சேரும் தொட்டியின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் இருந்தது. ஆனால் அது முதன்மைப் பேனலின் பின்பக்கம் இருந்தது. எழுந்து சுற்றிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இன்னொரு பக்கம், முதல் சில நிமிடங்களிலேயே 100க்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. எது முக்கியம், எது இல்லை என்று பிரித்துக் காட்ட ஏற்பாடு எதுவும் இல்லை. அலாரங்களை அச்சிடும் பிரின்டர் நேரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியது.

விபத்தை விசாரித்த கெமெனி ஆணையம் இந்தக் குறைகளை விரிவாகப் பதிவு செய்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அன்று அந்த அறையில் ஆள் பற்றாக்குறை இல்லை. ஷிஃப்டில் இருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். விடிவதற்குள் இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் கசிவு நின்றது சுமார் 2 மணி 20 நிமிடங்கள் கழித்துத்தான். அடுத்த ஷிஃப்டுக்காகப் புதிதாக வந்தவர் நிலைமையை வேறு கண்ணோடு பார்த்த பிறகே, கசிவுப் பாதையில் இருந்த தடுப்பு வால்வு மூடப்பட்டது. தவறான தகவலை நாலு பேர் பார்த்தாலும் பத்துப் பேர் பார்த்தாலும் தவறான முடிவுதான் வரும்.

ஆளும் குறைவு, திரையும் மோசம் என்றால்?

இரண்டு குறைகளும் ஒரே நாளில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, டெக்சாஸ் சிட்டி நகரில் இருந்த பிபி நிறுவனத்தின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை உதாரணம். 2005 மார்ச் 23 அன்று அங்கே நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயமடைந்தார்கள். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்தது.

பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த 170 அடி உயரக் கோபுரம் ஒன்றை அன்று மீண்டும் இயக்கத் தொடங்கினார்கள். திரவத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தார்கள். வெளியே போகும் வழி நெடுநேரம் மூடியே இருந்தது. மட்டம் காட்டும் கருவி சரியாக அளவிடப்படவில்லை. உண்மையான மட்டம் 150 அடியைத் தாண்டியபோதும், கருவி 10 அடிக்கும் கீழே காட்டியது. அதுவும், மட்டம் மெல்லக் குறைவதுபோல் காட்டியது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருந்தது. எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்த்திருந்தால் போதும், கணக்கு உதைப்பது தெரிந்திருக்கும். ஆனால் உள்ளே போகும் அளவு ஒரு திரையிலும், வெளியே வரும் அளவு வேறொரு திரையிலும் இருந்தது. இரண்டையும் கழித்து, மீதி எவ்வளவு உள்ளே தேங்கியிருக்கிறது என்று காட்டும் எண் எந்தத் திரையிலும் இல்லை.

போர்டில் இருந்தவர் ஒரே ஒருவர். அவர் பொறுப்பில் மூன்று பிரிவுகள். முன்பு இருவர் பார்த்துவந்த இந்த வேலை, 1999இல் செலவுக் குறைப்பின்போது ஒருவருக்கு மாற்றப்பட்டது. பிறகு கூடுதல் பிரிவும் சேர்க்கப்பட்டது. அன்று மேற்பார்வையாளர் குடும்ப அவசரம் காரணமாகப் பாதியில் கிளம்பினார். அவருக்குப் பதிலாக அனுபவமுள்ள வேறு யாரும் வரவில்லை. ஆபரேட்டர்களில் சிலர் விடுமுறையே இல்லாமல் 29 நாட்களுக்கும் மேலாக, தினமும் 12 மணி நேர ஷிஃப்ட் பார்த்தவர்கள்.

‘ஆபரேட்டர் கவனிக்கவில்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் இரண்டாவதாக ஒருவர் இருந்திருந்தால், ‘இவ்வளவு நேரமா உள்ளே போகுதே, வெளியே எதுவுமே வரலையே?’ என்று கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. திரை ஒழுங்காக இருந்திருந்தால், ஒருவரே கவனித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டு பாதுகாப்புகளும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனதுதான் அன்றைய நிலை.

போபாலும் நினைவுக்கு வராமல் இருக்காது. 1984 டிசம்பர் விபத்துக்கு முன்பு, விஷவாயு கசிந்த பிரிவின் ஷிஃப்ட் ஆபரேட்டர்கள் 12 பேரிலிருந்து 6 பேராகக் குறைக்கப்பட்டிருந்தது விபத்துக்குப் பிந்தைய ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அங்கே கருவிகள் அடிக்கடி தப்பாகக் காட்டியதால், உண்மையிலேயே அழுத்தம் ஏறியபோது அதை நம்பத் தயக்கம் இருந்தது. குறைந்த ஆட்கள், நம்ப முடியாத மீட்டர்கள் என்ற அதே கூட்டணிதான் அங்கேயும்.

‘இரவில் ஒருவர் போதுமே’

சாதாரண நேரத்தை வைத்து ஆள் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதை 2002 ஜூலை 1 இரவு காட்டியது. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் விமானக் கட்டுப்பாட்டு மையத்தில் அன்று இரவு பணியில் இருந்தவர்கள் இரண்டு கட்டுப்பாட்டாளர்கள். போக்குவரத்து குறைவு என்பதால் ஒருவர் ஓய்வெடுக்கப் போனார். விதிப்படி இது சரியில்லை. ஆனால் நிர்வாகத்துக்குத் தெரிந்தே நெடுங்காலமாக நடந்துவந்த வழக்கம்.

அதே இரவில் பராமரிப்பு வேலையும் நடந்தது. முதன்மைத் தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. மாற்று இணைப்பு வேலை செய்யவில்லை. இரு விமானங்கள் நெருங்கினால் திரையில் எச்சரிக்கும் வசதியும் அப்போது கிடைக்கவில்லை. மீதமிருந்த ஒருவர், தாமதமாக வந்த ஒரு விமானத்தை வேறொரு பணிமேசையிலிருந்து தரையிறக்க உதவிக்கொண்டிருந்தார். இரண்டு மேசை, இரண்டு அலைவரிசை, ஒரே ஆள்.

ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணி விமானமும் ஒரு சரக்கு விமானமும் ஒரே உயரத்தில் நெருங்குவதை அவர் கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. பக்கத்து ஜெர்மன் மையத்தில் இருந்தவர்கள் ஆபத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்கள், இணைப்பு கிடைக்கவில்லை. ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். விமானத்தில் இருந்த தானியங்கி எச்சரிக்கைக் கருவி மேலே ஏறச் சொன்னது. விமானம் இறங்கியது. மோதலில் 71 பேர் இறந்தார்கள்.

அன்று இரவு 10 மணிக்குப் பார்த்திருந்தால் ‘ஒருவர் போதும்’ என்ற கணக்கு சரியாகவே தெரிந்திருக்கும். அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் அது தப்பாகிப் போனது.

அலாரம் அதிகமானால் பாதுகாப்பு அதிகமா?

கம்ப்யூட்டர் திரைகள் வந்த பிறகு அலாரம் சேர்ப்பது மிகச் சுலபம். முன்பு ஒரு அலாரத்துக்குத் தனியாக ஒயர் இழுத்து விளக்கு பொருத்த வேண்டும். இப்போது சாஃப்ட்வேரில் ஒரு வரி போதும். ‘எதற்கும் இருக்கட்டுமே’ என்று ஆளாளுக்கு ஒன்று சேர்த்தால் என்ன ஆகும்?

பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் 1994 ஜூலை 24 அன்று அதுதான் நடந்தது. வெடிப்புக்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் 275 அலாரங்களை எதிர்கொண்டார்கள். சராசரியாக இரண்டரை நொடிக்கு ஒன்று. படித்துப் பார்க்கவே நேரம் இல்லை. அந்த ஆலையின் அலாரங்களில் 87 சதவீதம் ‘அதிமுக்கியம்’ என்ற வகையில் இருந்தன. எல்லாமே அதிமுக்கியம் என்றால் எதுவுமே முக்கியம் இல்லை என்று அர்த்தம்.

இதற்குப் பிறகு பிரிட்டனில் 1999இல் வந்த ஈமுவா 191 என்ற வழிகாட்டி, ஓர் ஆபரேட்டருக்கு எவ்வளவு அலாரம் தாங்கும் என்று வரையறுத்தது. சாதாரண நேரத்தில் 10 நிமிடத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. பெரிய கோளாறு ஏற்பட்டால் முதல் 10 நிமிடங்களில் 10க்கும் குறைவு. இந்த அளவுகளை இன்று பல நாட்டு ஆலைகள் கடைப்பிடிக்க முயல்கின்றன.

இதில் ஆள் எண்ணிக்கைக்கு என்ன தொடர்பு? 275 அலாரம் வரும் அறையில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தாலும் சமாளிக்க முடியாது. 10 அலாரம் வரும் அறையில் இரண்டு பேர் தாராளமாகச் சமாளிக்கலாம். முதலில் திரையைச் சரிசெய்யாமல் ஆள் கணக்குப் பேசுவதில் பயனில்லை.

குழுவுக்குள் என்ன நடக்கிறது?

கண்ட்ரோல் ரூம் குழுவின் வேலையை மூன்றாகப் பிரிக்கலாம்: கோளாறைக் கவனிப்பது, காரணத்தைக் கண்டுபிடிப்பது, சரிசெய்வது. அணுமின் நிலையத்தில் பொதுவாக ஒருவர் உலைப் பக்கத்தையும், ஒருவர் டர்பைன் பக்கத்தையும் பார்ப்பார்கள். மேற்பார்வையாளர் எந்தப் பட்டனையும் தொடாமல், மொத்தப் படத்தையும் மனதில் வைத்திருப்பார்.

ஆட்களைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவது இந்த மூன்றாவது வேலைதான். கை போதாமல் மேற்பார்வையாளரும் திரையில் உட்கார்ந்துவிட்டால், ‘நாம் போகும் வழி சரியா?’ என்று கேட்க அறையில் ஆளில்லை. த்ரீ மைல் ஐலண்ட் விபத்துக்குப் பிறகு அமெரிக்க நிலையங்களில் ‘ஷிஃப்ட் தொழில்நுட்ப ஆலோசகர்’ என்ற பதவி உருவாக்கப்பட்டது இதற்காகத்தான். அவர் பேனலை இயக்க மாட்டார். யோசிப்பது மட்டுமே வேலை. 2021இல் நியூஸ்கேலுக்குக் கிடைத்த ஒப்புதலில் இந்தப் பதவியும் தேவையில்லை என்றானது.

அதற்காக ஆட்களைக் கூட்டிக்கொண்டே போவதும் தீர்வில்லை. மூன்று பேர் இருந்தால் ஒருவருக்கொருவர் பேசும் தொடர்புகள் 3. நான்கு பேர் என்றால் 6. ஆறு பேர் என்றால் 15. ஒவ்வொரு தொடர்பிலும் ஒரு தகவல் திரிந்து போகலாம். ‘அவர் பார்த்துக்குவார்’ என்று இருவருமே விட்டுவிடலாம். அதனால்தான் ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லி, முதலாமவர் ‘சரி’ என்று உறுதிசெய்த பிறகே வால்வைத் தொடும் பழக்கம் அணுமின் நிலையங்களில் கட்டாயப் பயிற்சியாக இருக்கிறது.

அறையின் அமைப்பும் பேச்சை மாற்றுகிறது. சுவர் நீளத்துக்குப் பேனல் இருந்த பழைய அறையில், ஒருவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தாலே அவர் எதை இயக்குகிறார் என்று மற்றவர்களுக்குப் புரியும். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் திரை வந்ததும் அந்த வசதி போய்விட்டது. ஒவ்வொருவரும் சாவித்துவாரம் வழியே ஆலையைப் பார்ப்பதுபோல் ஆகிறது. புதிய கட்டுப்பாட்டு அறைகளில் எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் ஒரு பெரிய திரை வைப்பதன் காரணம் இதுதான். அது அழகுக்காக வைத்தது இல்லை.

தானியங்கி பார்த்துக்கொள்ளாதா?

புதிய உலைகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. நியூஸ்கேல் போன்ற வடிவமைப்புகளில் அவசர நேரத்தில் மோட்டார் தேவையில்லை. ஈர்ப்புவிசையும் வெப்பச் சுழற்சியுமே உலையைக் குளிர்விக்கும். ஆபரேட்டர் உடனே செய்தாக வேண்டிய வேலைகள் குறைவு. சிமுலேட்டரில் கடினமான சூழல்களை வைத்துக் குழுக்களைச் சோதித்த பிறகே ஒப்புதல் வந்தது. ஆட்குறைப்பை வெறும் செலவுக் கணக்காகப் பார்க்காமல் சோதித்துப் பார்த்தது சரியான வழி.

ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. ஒன்று, பிரிட்டிஷ் உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983இலேயே சுட்டிக்காட்டியது: எளிய வேலைகளைத் தானியங்கி எடுத்துக்கொண்டால், மனிதருக்கு மிஞ்சுவது மிகக் கடினமான வேலை மட்டுமே. தினமும் கை பழகாத ஒருவரிடம், மிக மோசமான நாளில் ‘இப்போ நீ பாரு’ என்று பொறுப்பு வந்து சேரும்.

இரண்டு, பல உலைகளை ஒரே அறையில் பார்க்கும்போது, ‘ஒரு நேரத்தில் ஒன்றில்தான் கோளாறு வரும்’ என்று நம்பிவிடக் கூடாது. ஜப்பானின் ஃபுகுஷிமா டாயிச்சியில் 1ஆவது, 2ஆவது உலைகளுக்கு ஒரே கட்டுப்பாட்டு அறை. 2011 மார்ச் 11 சுனாமியில் இரண்டுக்கும் சேர்ந்தே மின்சாரம் போனது. மீட்டர்கள் அணைந்தன. கார் பேட்டரிகளைக் கொண்டுவந்து இணைத்துத்தான் சில மீட்டர்களுக்கு உயிர் கொடுத்தார்கள்.

மூன்று, அனுபவம். நியூஸ்கேல் உலைகளை முதலில் நிறுவ இருந்த அமெரிக்கத் திட்டம் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. 12 உலைகளை மூன்று பேர் பார்க்கும் அறை சிமுலேட்டரில் மட்டுமே இருக்கிறது.

எப்படி முடிவு செய்வது?

பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் 2001இல் வெளியிட்ட முறை ஒன்று, தலைகளை எண்ணுவதில் தொடங்காது. அந்த ஆலையில் நடக்கக்கூடிய மோசமான நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும். இந்தக் குழுவால் கோளாறை உரிய நேரத்தில் கவனிக்க முடியுமா? காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? சரிசெய்ய முடியுமா? அந்த நேரத்தில் போன் எடுப்பது, படிவம் நிரப்புவது, பெர்மிட்டில் கையெழுத்துப் போடுவது போன்ற வேலைகளை யார் பார்ப்பார்கள்? ஏதாவது ஒன்றுக்கு ‘முடியாது’ என்று பதில் வந்தால், ஆளைக் கூட்ட வேண்டும் அல்லது வடிவமைப்பை மாற்ற வேண்டும்.

அமெரிக்க ஆணையமும் நார்வேயின் ஹால்டன் ஆய்வகமும் சேர்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வும் இந்தத் திசையில்தான் போனது. பின்லாந்தின் லோவீசா நிலைய சிமுலேட்டர், ஹால்டனின் நவீன சிமுலேட்டர் என இரண்டு வகை அறைகளில், வழக்கமான குழுவையும் சிறிய குழுவையும் வைத்துப் பார்த்தார்கள். ஆள் எண்ணிக்கையைத் தனியாகச் சோதித்தால் பாதி விடைதான் கிடைக்கும் என்பது அந்த ஆய்வின் அமைப்பிலேயே இருக்கிறது.

இந்தியாவில் அணுமின் நிலைய ஆபரேட்டர்களுக்கு உரிமம் கொடுக்கும் நடைமுறையை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் மேற்பார்க்கிறது. கூடங்குளத்தில் பயிற்சிக்கென்றே முழு அளவு சிமுலேட்டர் இருக்கிறது. சிறிய உலைகள் வரும்போது, அவற்றின் கட்டுப்பாட்டு அறையில் எத்தனை பேர் என்ற எண் மட்டும் அறிவிப்பில் வந்தால் போதாது. எந்தெந்தச் சூழலை வைத்துச் சோதித்தார்கள், முதல் 10 நிமிடங்களில் எத்தனை அலாரம் வந்தது, ஒருவர் மயங்கி விழுந்தாலோ கழிவறைக்குப் போனாலோ மீதிப் பேர் சமாளித்தார்களா, இரண்டு உலைகளில் ஒரே நேரத்தில் கோளாறு வைத்துப் பார்த்தார்களா என்பதும் வெளியே வர வேண்டும். மணலி சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் ‘கம்ப்யூட்டர்தான் வந்தாச்சே, ஒரு ஆளைக் குறைக்கலாமே’ என்ற யோசனை எழுந்தாலும் கேட்க வேண்டியவை இதே கேள்விகள்தான்.